பூமிக்கு அடியில லாவா கடல் இல்ல. அப்போ தட்டுகளை எது நகர்த்துது?

வணக்கம். நிலத்தட்டுகள் எரிமலைக் குழம்பு மேல மிதக்குதுன்னு நம்மில் நிறைய பேர் நம்பிக்கிட்டிருக்கோம். புத்தகப் படங்கள்ல மேன்டிலுக்கு (மேலோட்டுக்கும் நடுவுல இருக்கற கருவத்துக்கும் இடையில உள்ள அடுக்கு) சிவப்பு வர்ணம் அடிச்சிருக்கறது அதுக்குப் பெரிய காரணம். மேன்டில் குழம்பு இல்லைங்க, கெட்டிப் பாறை. இதை நம்பாம தட்டுகள் எப்படி நகருதுன்னு புரிஞ்சுக்கவே முடியாது. அதனால முதல்ல படத்தைச் சரியா வரைஞ்சிடுவோம்.

மொட்டை மாடித் தரை போதும். ஒரு நூல், ரெண்டு சாக்பீஸ், ஒரு பென்சில், ஒரு கோணமானி. அளவு: 1 சென்டிமீட்டர்னா 100 கிலோமீட்டர். பூமியோட ஆரம் 6,371 கி.மீ., அதனால நூலை 63.7 செ.மீ. எடுத்து ஒரு அரைவட்டம் போடுங்க. நூல் இழுபட்டுச்சுன்னா அளவு கெட்டுடும், சணல் கயிறு வேண்டாம். அதே மையத்துல இருந்து 34.8 செ.மீ.ல இன்னொரு அரைவட்டம், அதுக்குள்ள இருக்கறது கருவம். 12.2 செ.மீ.ல மூணாவது, அது உட்கருவம்.

இப்போ மேலோடு. கண்டத்துக்கு அடியில சராசரியா 35, 40 கி.மீ., திபெத்துக்கு அடியில 70 வரைக்கும் போகும். நம்ம படத்துல அது 4 மில்லிமீட்டர், அதிகபட்சம் 7. கடலடி மேலோடு வெறும் 6, 7 கி.மீ. தான், அதாவது முக்கால் மில்லிமீட்டர்கூட இல்ல. சாக்பீஸ் கோடே அதைவிடத் தடிமனா விழும், அதுக்குத்தான் பென்சில். ரஷ்யாவுல கோலா தீபகற்பத்துல தோண்டுன ஆழ்துளை 12,262 மீட்டர். அங்கேயே சூடு 180 டிகிரிக்குப் போய், துளைப்பான் வேலை செய்ய முடியாம போச்சு. படத்துல அது வெறும் 1.2 மில்லிமீட்டர்.

மேன்டிலுக்குப் பச்சை சாக்பீஸ் எடுங்க. மேல்மேன்டில்ல அதிகமா இருக்கற கனிமம் ஆலிவின், அதோட நிறம் பச்சை. உள்ள இருக்கற சூட்டுல தகதகன்னுதான் இருக்கும், ஆனா அது பாறைங்கறது மனசுல பதியணும்.

சரி, தோண்டிப் பார்க்காம கெட்டின்னு எப்படித் தெரியும்? நிலநடுக்கத்துல ரெண்டு வகை அலை உள்ளுக்குள்ள போகும். பி அலை ஒலி மாதிரி, அமுக்கி விரிச்சுப் போகும். திடம், திரவம் எதுலயும் போகும். எஸ் அலை பக்கவாட்டுல ஆட்டிக்கிட்டுப் போகும். திரவத்துல போகவே போகாது, ஏன்னா திரவத்தைப் பக்கவாட்டுல தள்ளுனா திரும்பி நிமிராது. மேன்டில் முழுக்க எஸ் அலை போகுது. அங்க குழம்புக் கடல் இருந்திருந்தா ஒரு எஸ் அலைகூட அந்தப் பக்கம் வந்திருக்காது.

அரைவட்டத்தோட ஒரு முனையில நிலநடுக்கம்னு வெச்சுக்குங்க. அங்கிருந்து கருவத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு நேர்கோடு இழுங்க. மறுபடி மேற்பரப்புக்கு அது வர்ற இடத்தைக் கோணமானியில பார்த்தா, மையத்துல இருந்து கிட்டத்தட்ட 114 டிகிரி வரும். ஆனா நிஜத்துல 104 டிகிரியிலேயே, அதாவது ஏறக்குறைய 11,500 கி.மீ. தூரத்துலயே, நேரடி எஸ் அலை நின்னுடுது. அதுக்கு அப்பால போகணும்னா கருவத்துக்குள்ள புகுந்தாகணும், அதோட வெளிப்பகுதி திரவம். நீங்க தப்பா வரையலை. ஆழம் கூடக் கூட அலையோட வேகம் கூடும்: பி அலை மேன்டில் உச்சியில நொடிக்கு 8 கி.மீ., அடியில 13-க்கு மேல. அதனால பாதை மேல்நோக்கி வளைஞ்சு முன்னாடியே வெளிய வந்துடும். இந்த 10 டிகிரி வித்தியாசத்தை எந்தப் படத்துலயும் சொல்லித் தர்றதில்ல. எனக்கு இதுதான் இந்தப் பாடத்துலயே அழகான இடம்.

இந்த மாதிரிப் பதிவுகளை வெச்சுத்தான் 1906-ல ரிச்சர்ட் ஓல்டம் கருவம்னு ஒண்ணு இருக்குன்னு காட்டினார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில இருந்து 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ஞ்சவர் அவர்தான். கருவத்துக்கு உள்ள இன்னொரு உட்கருவம் இருக்குன்னு 1936-ல சொன்னவங்க டென்மார்க்கோட இங்கே லேமன்.

கெட்டிப் பாறைன்னா எப்படி நகரும்? இமயமலைப் பனியாற்றைப் பாருங்க. சுத்தியலால அடிச்சா உடையும், ஆனா வருஷக்கணக்கா சரிவுல இறங்கிக்கிட்டே இருக்கும். மேன்டில் பாறையும் அப்படித்தான், படிகத்துக்குள்ள அணுக்கள் மெல்ல இடம் மாறி வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகருது. அந்தச் சூட்டுல ஏன் உருகலைன்னு கேட்டா, குக்கரை நினைச்சுக்குங்க. குக்கருக்குள்ள தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 120 கிட்டப் போகணும். அழுத்தம் கூடுனா பாறை உருகத் தேவையான சூடும் கூடும்.

அப்போ எரிமலைக்குக் குழம்பு எங்கிருந்து? பெரும்பாலும் ரெண்டு வழி. கடலடி முகடுகள்ல பாறை மேல ஏறும்போது அழுத்தம் குறைஞ்சு கொஞ்சம் உருகும். தட்டு உள்ள இறங்குற இடத்துல, அது கொண்டுபோற தண்ணி மேல இருக்கற மேன்டிலுக்குள்ள கசிஞ்சு உருகுநிலையைக் குறைக்கும். அந்தமான் கடல்ல இருக்கற பாரன் தீவு (Barren Island) எரிமலை ரெண்டாவது வகை.

இப்போ தட்டுக்கு வருவோம். தட்டுன்னா மேலோடு மட்டும் இல்ல, அதோட ஒட்டுன குளிர்ந்த மேன்டிலும் சேர்ந்து ஏறக்குறைய 100 கி.மீ. படத்துல 1 சென்டிமீட்டர். முகட்டுல சூடாப் பிறந்த கடலடித் தட்டு, விலகிப் போகப் போகக் குளிர்ந்து கனமாகுது. கடைசியில கீழ இருக்கற மேன்டிலைவிட அடர்த்தியாகி அமிழ்ந்துடும். அமிழ்ற பகுதி மீதித் தட்டையும் இழுக்கும். கொடியில போட்ட ஈரப் புடவையில ஒரு பக்கம் நீளமாத் தொங்குனா, மொத்தமும் அந்தப் பக்கம் சரியும் இல்லையா, அதேதான். கீழ இருந்து உலை கொதிச்சுத் தள்ளுதுன்னு சொல்றது பாதி விளக்கம்தான். வடக்கு, மேற்கு விளிம்புகள்ல அமிழ்ற பசிபிக் தட்டு வருஷத்துக்கு 7-லருந்து 10 செ.மீ. போகுது, அப்படி இழுவை அதிகம் இல்லாத ஆப்பிரிக்கத் தட்டு அதைவிட ரொம்ப மெதுவா.

அமிழ்றது வழுக்கிக்கிட்டுப் போகாது, மேல இருக்கற தட்டோட சிக்கிக்கும். சுமத்ராவுக்கு மேற்கே இந்தியத் தட்டு வருஷத்துக்கு சுமார் 6 செ.மீ. பர்மா தட்டை நெருங்குது. ஒரு பெரிய நிலநடுக்கத்துல தட்டு ஒரேயடியா 15 மீட்டர் நழுவுதுன்னா, அவ்வளவு சேர வெறும் வகுத்தல் கணக்குப்படி 250 வருஷம். ஆனா அந்த நகர்வு சாய்வா வர்றதால ஒரு பங்கு பக்கவாட்டுப் பிளவுகள்ல கழிஞ்சிடும், சேர இன்னும் நாளாகும். 2004 டிசம்பர் 26 காலையில, நம்ம நேரம் 6.28-க்கு அந்தச் சிக்கு விட்டுது. சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு, பத்து நிமிஷத்துக்குள்ள. சிக்கியிருந்த முனை மேல துள்ளிக் கடலைத் தூக்குச்சு. பின்னாடி வளைஞ்சிருந்த பகுதி இறங்குச்சு. கிரேட் நிகோபார் தீவோட தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல தாழ்ந்தது அதனாலதான். நம்ம கரைக்கு அலை வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

அந்த நிலநடுக்கம் தொடங்குன ஆழம் 30 கி.மீ. உங்க தரைப் படத்துல மேல்கோட்டுல இருந்து 3 மில்லிமீட்டர் கீழ ஒரு புள்ளி வைங்க.