மைனஸ் 500 ரூபாய் எடுத்தால்? ஜாவாவில் ஆர்கியுமென்ட் சோதனை

[திரை: பேங்க்அக்கவுன்ட் கிளாஸ், அதில் வித்ட்ரா மெத்தட்]

வணக்கம். ஜாவா படிக்கிற யாரும் ஒருமுறையாவது எழுதிப் பார்த்திருக்கும் வங்கிக் கணக்கு கிளாஸ் இது. வித்ட்ரா மெத்தடுக்குள் ஒரே வரிதான்: பேலன்ஸிலிருந்து அமவுன்ட்டைக் கழி. கணக்கில் 1000 ரூபாய் இருக்கிறது. மெத்தடுக்குக் கொடுக்கும் மதிப்பாக, அதாவது ஆர்கியுமென்ட்டாக, மைனஸ் 500 கொடுத்து ஓட்டுகிறேன்.

[திரை: பேலன்ஸ் 1500]

எடுக்கப் போன இடத்தில் பணம் கூடிவிட்டது! கம்பைலர் வாயே திறக்கவில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. டபுள் (தசம எண் வகை) கேட்டது, டபுள்தான் கொடுத்தோம்.

சரி, ஒரு இஃப் போடலாம். படிக்கிற காலத்தில் நான் அதற்குள் "தவறான தொகை" என்று பிரிண்ட் செய்து, ரிட்டர்ன் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் கன்சோலில் வந்த வரி மெத்தடை அழைத்த கோடுக்குத் தெரியாதே. பணம் எடுத்தாயிற்று என்று நம்பி, அது ரசீதுகூட அடித்துவிடும்.

அதனால் பிரிண்ட்டை அழித்துவிட்டு, த்ரோ நியூ இல்லீகல்ஆர்கியுமென்ட்எக்செப்ஷன் என்று எழுதுகிறேன். இது மெத்தடை அங்கேயே நிறுத்தி, பிழை என்று அழைத்த கோடுக்கே சொல்லிவிடும். மெசேஜில் வந்த மதிப்பையும் சேருங்கள்: "தொகை பூஜ்ஜியத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், வந்தது -500". ராத்திரி ஸ்டாக் ட்ரேஸை (பிழை எந்த வரியில் வந்தது என்று காட்டும் பட்டியல்) பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த எண்ணின் அருமை புரியும். இது ரன்டைம்எக்செப்ஷன் வகை. மெத்தட் தலைப்பில் த்ரோஸ் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. ஜாவாவே இப்படித்தான் செய்கிறது: அர்ரேலிஸ்ட்டுக்கு ஆரம்பக் கொள்ளளவு மைனஸ் 1 கொடுத்தால் இதே எக்செப்ஷன்தான் வரும்.

[திரை: 0.0 வகுத்தல் 0.0]

இப்போது ஒரு குறும்பு. டபுளில் இப்படி வகுத்தால் நேன் (NaN) வரும். எண்ணே இல்லாத ஒரு மதிப்பு. "அமவுன்ட் பூஜ்ஜியமோ அதற்குக் கீழோ?" என்று கேட்டால், நேனுக்குப் பதில் ஃபால்ஸ். காவலைத் தாண்டி உள்ளே போய் பேலன்ஸையும் நேன் ஆக்கிவிடும். அப்புறம் எவ்வளவு டெபாசிட் செய்தாலும் அது நேன்தான். நிபந்தனையைத் திருப்பிப் போடுங்கள்: "பூஜ்ஜியத்தைவிடப் பெரியது" என்று எழுதி, மொத்தத்துக்கும் அடைப்புக்குறி போட்டு, முன்னால் ஒரு ஆச்சரியக்குறி. நேன் மாட்டிக்கொள்ளும். (நிஜப் பணத்துக்கு டபுளே வேண்டாம், பிக்டெசிமல் இருக்கிறது. அது வேறு வீடியோ.)

இருப்பைவிட அதிகமாகக் கேட்டால்? 5000 என்ற எண்ணில் தப்பில்லை, கணக்கில்தான் காசு இல்லை. அங்கே நான் இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன் போடுவேன். கன்ஸ்ட்ரக்டரில் (கணக்கை உருவாக்கும் இடம்) பெயர் null ஆக, அதாவது காலியான மதிப்பாக, வரக்கூடாது என்றால், ஜாவா 7 முதல் ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸில் ரெக்வயர்நான்நல் இருக்கிறது. ஒரு வரி போதும்.

எந்தச் சோதனையானாலும் கழித்தல் வரிக்கு மேலே இருக்கட்டும். மறுபடி மைனஸ் 500 கொடுக்கிறேன்.

[திரை: சிவப்பு எழுத்தில் எக்செப்ஷன், வரி எண், டீபக்கரில் பேலன்ஸ் 1000]