ஹினாவின் துணி காய வேண்டும்

வணக்கம் நேயர்களே. மரவுரி என்றதும் நமக்கு வனவாசம் போன ராமன்தான் நினைவுக்கு வருவான். ஹவாய்த் தீவுகளிலோ அரசர் உடுத்தியதும் மரவுரி, மீனவர் உடுத்தியதும் மரவுரி. அங்கே அதற்குக் காபா என்று பெயர். ஆண்களுக்கு மாலோ என்ற கோவணம், பெண்களுக்கு இடுப்பைச் சுற்றும் பாவூ, தோளில் முடிச்சிடும் கீஹேய்.

இந்தத் துணிக்கு நூலும் இல்லை, தறியும் இல்லை. காகித மல்பெரி என்ற மரத்தின் உள்பட்டையை ஊறவைத்துக் கல்லில் தட்டுவார்கள். காயவைத்து, மறுபடி ஊறவைத்து நொதிக்கவிட்டு, மரப்பலகையில் இரண்டாம் முறை தட்டுவார்கள். நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தட்டும் கட்டைக்கு நான்கு முகம். முகத்துக்கு முகம் வேறு வேறு செதுக்கல். அந்தக் கோடுகள் துணிக்குள் பதிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். சாயம் தொடுவதற்கு முன்பே அலங்காரம் தொடங்கிவிடுகிறது, கவனியுங்கள்!

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. ஹினா என்ற தாய் காபா தட்டிக் காயப்போடுகிறாள். ஈரம் உலர்வதற்குள் சூரியன் ஓடிவிடுகிறது. தினமும் இதே பாடு. மகன் மாவுயி கயிறுகளோடு ஹாலேயாகலா மலை உச்சிக்கு ஏறிப் பதுங்குகிறான். சூரியன் தலைகாட்டியதும் அதன் கால்களை ஒவ்வொன்றாகச் சுருக்குப் போட்டுக் கட்டுகிறான். சூரியன் கெஞ்சுகிறது. கடைசியில் ஒப்பந்தம்: பாதி ஆண்டு மெதுவாகப் போக வேண்டும். கோடையில் பகல் நீண்டது இப்படித்தானாம். ஒரு தாயின் துணி காய்வதற்காகச் சூரியனையே நிறுத்திய கதை! அந்த வேலைக்கு அந்த மக்கள் கொடுத்த மதிப்பு இதில் இருக்கிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். நோனி வேர்ப்பட்டையில் சிவப்பு. நம் நுணாவுக்கு அது நெருங்கிய உறவு. மஞ்சள் நிறத்துக்கு நம் வீட்டு மஞ்சளேதான். மூங்கில் பட்டையில் செதுக்கிய அச்சால் வரிவரியாக ஒற்றுவார்கள். அப்புறம், மைலே என்ற நறுமணக் கொடியின் இலை வாசனையும் ஏற்றுவார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் பருத்தித் துணி வந்து குவிந்தது. காபா தட்டுவது நின்றே போனது. 1970-களில் புவானானி வான் டோர்ப் போன்ற காபாக் கலைஞர்கள் அருங்காட்சியகத் துணிகளை ஆராய்ந்து, தட்டித் தட்டிப் பார்த்து மீட்டெடுத்தார்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இன்னொரு பசிபிக் தீவு நாடான டோங்காவைப் பற்றி ஒரு வார்த்தை: அங்கே இந்த வேலை நிற்கவே இல்லை. பெண்கள் கூடி உட்கார்ந்து நீள நீளமாக ஒட்டிச் சாயம் தேய்க்கிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இன்றும் அதைத்தான் கொடுக்கிறார்கள். பக்கத்துத் தீவுகளான சமோவாவின் அச்சுப் பலகைகளுக்கு இன்னொரு நாள் வேண்டும். வணக்கம்.