110 டிகிரியில வெச்சும் 3620 ஏன் போகல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒரு கேள்வி ரெண்டு நாளா என்னை விடல. நேயர் ஒருத்தர் அகச்சிவப்பு நிறமாலைப் படத்தோட (எந்த இடத்துல ஒளி உறிஞ்சப்படுதுன்னு காட்டுற படம்; 3620, 3400 எல்லாம் அலை எண், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலைன்னு கணக்கு) அனுப்பியிருக்காங்க: "சார், மாண்ட்மோரிலோனைட் களிமண்ணை ராத்திரி முழுக்க 110 டிகிரியில வெச்சேன். 3400 பக்கம் இருந்த அகலமான பட்டை நல்லா குறைஞ்சிருச்சு. ஆனா 3620-ல இருக்கிற கூர்முனை அப்படியே நிக்குது. ஓவன் சரியில்லையா?"

ஓவன் மேல பழி போடாதீங்க. அந்த முனை தண்ணியோடது இல்லவே இல்ல. களிமண்ணுங்கிறது மெல்லிய தாள் தாளா அடுக்கின கனிமம்; அந்தத் தாளுக்குள்ளயே அலுமினியத்தோட பிணைஞ்சிருக்கிற ஹைட்ராக்சில் (ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன் ஜோடி) அது. அதைக் கிளப்பணும்னா 500 டிகிரிக்கு மேல போகணும், கிளப்பிட்டா அப்புறம் அது பழைய களிமண்ணும் இல்ல. 110-ல வெளியேறுறது தாளுக்கும் தாளுக்கும் நடுவுல வந்து தங்கின தண்ணி. அதுலயும் மக்னீசியம் மாதிரி அயனி உள்ளே இருந்தா கொஞ்சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

சரி, ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? பழைய நேயர்கள் சிரிப்பீங்க, மறுபடியும் கவராயம்தான்! தண்ணி மூலக்கூறு ஒரு கவராயம். ரெண்டு கால், நடுவுல ஒரு கோணம். கால் நீளும், சுருங்கும்; கோணம் விரியும், மடங்கும். அந்த மடக்கம் 1630-ஐ ஒட்டி வரும். ஹைட்ராக்சில் ஒத்தைக் குச்சி. நீளும், சுருங்கும், சாயும், ஆனா கவராயம் மாதிரி மடங்க வழியில்ல. அதனால நீளுற அதிர்வு வர்ற 3000-க்கு மேல ரெண்டும் கலந்து குழப்பும், 1630-ல தண்ணி மட்டும்தான் பேசும்.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு தடவை நல்லா காய்ஞ்ச கயோலினைட்ல (அது இன்னொரு வகைக் களிமண்) 1630 பட்டை வந்துருச்சு. பெரிய கண்டுபிடிப்புன்னு ரெண்டு பக்கம் எழுதிட்டேன். கடைசியில பார்த்தா, கருவியில வைக்கிற வில்லை பிடிக்கக் களிமண்ணோட கலந்த பொட்டாசியம் புரோமைடு உப்பு காத்துல இருந்து ஈரத்தை இழுத்து வெச்சிருக்கு. கிழிச்சுப் போட்டேன்.

ஆனா உண்மையில நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. களிமண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி, டம்ளர் தண்ணி மாதிரியேவா இருக்கு? இல்ல! டம்ளர்ல அந்த மடக்கம் 1640-ஐத் தாண்டி வருது. களிமண் காயக் காய 1610-களை நோக்கி இறங்குது. டம்ளர்ல ஒவ்வொரு மூலக்கூறும் சுத்தி இருக்கிறதோட ஹைட்ரஜன் பிணைப்புல கை கோத்திருக்கு, கவராயம் இறுக்கமா இருக்கு. களிமண்ணுல கடைசியா மிஞ்சின தண்ணி அயனியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, கை கோக்க ஆள் கம்மி, அதனால சுலபமா மடங்குது. இன்னொண்ணு, அப்படி மிஞ்சின ஒவ்வொரு மூலக்கூறும் முன்னைவிட அதிகமா ஒளியை உறிஞ்சும். பட்டை பாதியாச்சுன்னா தண்ணியும் பாதியாச்சுன்னு கணக்குப் போட்டுறாதீங்க.

செவ்வாய் கிரகத்துக்கும் இதே கவராயம்தான். நீட்சியும் மடக்கமும் சேர்ந்தா 1.9 மைக்ரோமீட்டர் அலைநீளத்துல ஒரு பட்டை வரும், அதுவும் தண்ணிக்கு மட்டும். மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தோட ஒமேகா கருவி அங்கே களிமண்ணைக் கண்டுபிடிச்சப்போ, உலோகமும் ஹைட்ராக்சிலும் சேர்ந்து தர்ற 2.2, 2.3 பட்டைகளோட இதையும் சேர்த்துத்தான் பார்த்தாங்க. அதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவேன், வேண்டாம்.

உங்க படத்துக்கு வர்றேன். 3000-க்குக் கீழே வெட்டிட்டீங்க. 1630-ஐயும் சேர்த்து அனுப்புங்க. கூடவே, களிமண் கலக்காம வெறும் புரோமைடு வில்லையையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடுங்க.