சாவி உள்ளே, நீங்கள் வெளியே: பூட்டில் ஓட்டை போட விடுவதற்கு முன்

[திரையில்: அபார்ட்மென்ட் வாசல். காற்றில் கதவு சாத்திக்கொள்கிறது.]

வணக்கம். மதியம் ஒன்றரை மணி இருக்கும், மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துவரலாம் என்று வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறீர்கள், அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று கிளம்பி பால்கனி வழியாக உள்ளே வந்து கதவைப் படாரென்று சாத்திவிடுகிறது. சாவி உள்ளே. போன வருஷம் திருவான்மியூரில் எனக்கு இப்படித்தான் ஆனது. அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போன விஷயங்களைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்.

பூட்டைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி. உள்ளே யார் இருக்கிறார்கள்? கைக்குழந்தையோ, எழுந்து வர முடியாத பெரியவரோ உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால், அல்லது அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தால், சாவிக்காரரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101, இல்லையென்றால் 112. கேஸ் வாசனை வந்தால் காலிங் பெல்லைக்கூட அழுத்தக்கூடாது, அந்தச் சின்னப் பொறியே போதும். தள்ளிப்போய் நின்று 101க்கும், கேஸ் கசிவுக்கான 1906க்கும் சொல்லுங்கள். அந்தக் கதவுப் பக்கம் யாரும் டிரில்லிங் மெஷினோடு வரவே கூடாது.

சரி, அந்த மாதிரி அவசரம் இல்லை. இப்போது பூட்டுக்கு வருவோம்.

[திரையில்: நைட் லாட்சின் நாக்கு, மிகக் கிட்டத்தில்.]

நம் ஊர் அபார்ட்மென்ட்களில் நிறைய இருப்பது நைட் லாட்ச். அதன் நாக்கைப் பாருங்கள், ஒரு பக்கம் சரிவாக இருக்கிறது, பின்னால் ஸ்பிரிங். கதவு சாத்தும்போது அந்தச் சரிவு நிலைச்சட்டத்தில் இடித்து நாக்கு உள்ளே போய், குழி வந்ததும் வெளியே பாய்ந்து பிடித்துக்கொள்கிறது. அதாவது காற்றில் சாத்திய கதவு பூட்டியதாகவே ஆகாது, வெறும் ஸ்பிரிங்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வேலை தெரிந்தவர் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வளையக்கூடிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விட்டு அந்தச் சரிவைத் தள்ளியே பெரும்பாலும் திறந்துவிடுவார். சாவியால் கூடுதலாக ஒரு சுற்று சுற்றிப் பூட்டியிருந்தால் கதை வேறு, நாக்கு பின்வாங்காது, தகடு உதவாது. அதனால் போனில் முதலில் இதைச் சொல்லுங்கள்: கதவு சும்மா சாத்திக்கொண்டதா, நீங்கள் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தீர்களா. ஏடிஎம் கார்டை விட்டு நீங்களே முயற்சி செய்ய வேண்டாம், கார்டு உடைந்து இடுக்கில் மாட்டிக்கொண்டால் வருகிறவருக்கும் வழி அடைபடும்.

நான் அன்றைக்கு எதையும் சொல்லவில்லை. இணையத்தில் முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்தேன், முந்நூறு ரூபாய் என்றார்கள், வந்தவர் கதவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'இது கம்ப்யூட்டர் சாவி, ஓட்டை போட்டால்தான் திறக்கும்' என்று டிரில்லை எடுத்துவிட்டார். புதுப் பூட்டோடு சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு ஆனது. மறுநாள் தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்து சாவி செய்யும் பெரியவரிடம் பழைய பூட்டைக் காட்டினேன். "ஏம்மா, வெறுமனே சாத்தின கதவுக்கா ஓட்டை போட்டாங்க?" என்று கேட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஓட்டை போடுவது கடைசி வழி. தகடு முடியாதென்றால் அடுத்தது பூட்டுக்குள்ளே இருக்கும் பின்களை, அதாவது சின்ன உலோகக் குச்சிகளை, தூக்கித் திறப்பது. சாவியின் பல் ஒவ்வொன்றும் ஒரு பின்னைச் சரியான உயரத்துக்குத் தூக்குகிறது, எல்லாம் ஒரே கோட்டில் வந்தால் சிலிண்டர், அதாவது சாவி நுழையும் உருளை, சுழலும். அதையே கம்பியால் பொறுமையாகச் செய்ய வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். நேராக டிரில்லுக்குப் போகிறவரிடம் ஏன் என்று கேளுங்கள், திறப்பதற்கு எவ்வளவு, ஓட்டை போட்டால் எவ்வளவு என்று போனிலேயே தனித்தனியாகக் கேட்டு மெசேஜில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே ஓட்டை போட்டாலும் பல பூட்டுகளில் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும், முழுப் பூட்டையும் வாங்க வேண்டியதில்லை. வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கிரில் கேட்டில் தொங்கும் பூட்டுக்கு மட்டும் என் யோசனை வேறு, சாதாரணப் பூட்டாக இருந்தால் வளையத்தை வெட்டிவிடுங்கள், திறக்கும் கூலிக்குப் புதுப் பூட்டே வந்துவிடும். வீட்டில் பழைய திண்டுக்கல் பூட்டு இருந்தால் வெட்ட விடாதீர்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது, கையால் செய்தது, அதற்குச் சாவி செய்யத் தெரிந்தவர்களைத் தேடிப்போவதில் தப்பே இல்லை.

[திரையில்: வெற்றுச் சாவி, அரம், வெளிச்சத்தில் தெரியும் புள்ளிகள்.]

அந்தப் பெரியவர் ஒரு பீரோவுக்குச் சாவி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பல் வெட்டாத சாவியைப் பூட்டில் விட்டு இலேசாக அழுத்தி ஆட்டுகிறார், வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார், குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி பளபளக்கிறது, அந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. பத்துப் பதினைந்து தடவைக்கு அப்புறம் சாவி திரும்பியது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் அவர் முதலில் கேட்டது அது யார் வீட்டு பீரோ என்று. உங்கள் கதவைத் திறக்க வருகிறவரும் அப்படிக் கேட்க வேண்டும், கேட்டால் கோபப்படாதீர்கள். ஆதார் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் வாட்ச்மேனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லட்டும். எதுவுமே கேட்காமல் திறந்து கொடுப்பவர் நாளைக்கு வேறு யாருக்கும் உங்கள் கதவைத் திறந்து கொடுப்பார்.

இன்னும் சில விஷயங்கள். சாவி பூட்டுக்குள் உடைந்தால் ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுக்கப் பார்க்காதீர்கள், பூட்டே ஒட்டிப்போகும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் பூட்டு இறுகும்போது தேங்காய் எண்ணெய் விடுகிறோம், அது தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும், அதற்குப் பதில் பென்சில் முனையைச் சாவியின் பல்லில் தேய்த்து நாலு தடவை விட்டு எடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மரக்கதவு உப்பிக்கொண்டு சாவி திரும்பாவிட்டால் பூட்டின் மேல் பழி போடாமல் கதவை உங்கள் பக்கம் இழுத்தோ தள்ளியோ திருகிப் பாருங்கள்.

அப்புறம், டூப்ளிகேட் சாவி போட்டதும் அப்படியே கொண்டுபோய் மேல்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே, வெளிப்பக்கம் நின்று, அதே சாவியால் நாலைந்து தடவை பூட்டித் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.