சென்ட் கடையில் அவசரப்படாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். விலை உயர்ந்த சென்ட்களைத் தோலில் போட்டு, காலையிலிருந்து ராத்திரி வரை முகர்ந்து பார்த்து, அது எப்படி எப்படியெல்லாம் மாறுகிறது என்று எழுதி வைப்பது என் நெடுநாள் பழக்கம். இதற்கெல்லாமா விமர்சனம் என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டல் சாம்பாருக்கு விமர்சனம் எழுதுகிற ஊரில் பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து வாங்குகிற புட்டிக்கு எழுதினால் என்ன தப்பு? சரி, எனக்குக் கொடுத்திருப்பது கொஞ்ச நேரம். முக்கியமாகச் சொல்ல வந்தது ஒன்றுதான்: அடித்த உடனே வருகிற வாசனையை நம்பி சென்ட் வாங்காதீர்கள். இதை நடுநடுவே மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மால்களில் தரைத்தளத்தில் நுழைந்ததுமே சென்ட் கடை இருக்கும், பார்த்திருப்பீர்கள். கவுண்டரில் இருப்பவர் நீளமான வெள்ளைக் காகிதப் பட்டையில் புஸ்ஸென்று ஒரு அடி அடித்து, இரண்டு ஆட்டு ஆட்டி, மூக்குக்கு நேரே நீட்டுவார். ஆரஞ்சுத் தோலை உரித்த மாதிரி, எலுமிச்சையைக் கிள்ளின மாதிரி குளுகுளுவென்று ஒன்று வரும். ஆகா என்போம், பில் போட்டுவிடுவார்கள். ஆனால் நாம் முகர்ந்தது முதல் பத்து நிமிடச் சமாச்சாரம். மிச்சப் பொழுதெல்லாம் நம்மோடு இருக்கப்போவது வேறு ஒன்று, அதை நாம் முகரவே இல்லை.

காரணம் எளிமையானது. புட்டிக்குள் இருப்பதில் பெரும்பங்கு ஆல்கஹால், அது தோலில் பட்ட கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். அதில் கரைந்திருக்கும் வாசனைப் பொருட்கள் எல்லாமே ஒரே வேகத்தில் பறப்பதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா லேசான மூலக்கூறுகள், அவை முதலில் கிளம்பிவிடும். சென்ட் பாஷையில் டாப் நோட். அப்புறம் பூக்கள், அவை இரண்டு மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கும். கடைசி வரை கிடப்பவை சந்தனம், வெனிலா, கஸ்தூரி மாதிரி செயற்கையாகச் செய்த மஸ்க், மரப்பிசின்கள். இதை பேஸ் நோட் என்பார்கள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் என்று நினைக்க வேண்டாம், எல்லாம் முதலிலிருந்தே இருக்கின்றன, மேலே இருப்பவர்கள் கிளம்பக் கிளம்பத்தான் கீழே இருப்பவர்கள் தெரிய வருகிறார்கள்.

நமக்கு இது புதிய விஷயமே இல்லை. சாயங்காலம் மல்லி மொட்டு வாங்கித் தொடுத்துத் தலையில் வைத்தால், வைத்த நேரத்தில் ஒரு பச்சை வாடைதான் இருக்கும். எட்டு மணி, ஒன்பது மணிக்கு மொட்டு விரியும்போது அறையே மணக்கும். மறுநாள் காலையில் தலையணையைப் பாருங்கள், பூ பழுத்து ஓரமெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகக் கிடக்கும், அதன் வாசனையும் மாறிப்போயிருக்கும். இனிப்பு குறைந்து கனமாக, மந்தமாக, லேசாக அந்துருண்டை மாதிரி ஒரு நெடி. சிலருக்கு அது பிடிக்காது, சிலருக்கு அதுதான் பிடிக்கும். அந்த நெடிக்குப் பின்னால் இருக்கும் முக்கியமான ஆள் இண்டோல் என்ற வேதிப்பொருள். மல்லியில் இயற்கையாகவே இருக்கிறது. மலத்திலும் இருக்கிறது, ரேடியோவில் சொல்லலாமா தெரியவில்லை, சொல்லிவிட்டேன். அளவு குறைந்தால் அதுவே பூவுக்கு உயிர் கொடுக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பாரிஸ் கம்பெனிகளின் சென்ட்களில் போகிற மல்லியில் நம் ஊர் மல்லிக்கும் பங்கு உண்டு. குண்டுமல்லி, அப்புறம் பிச்சி, சில ஊர்களில் ஜாதிமல்லி என்பார்களே, இரண்டையும் கோவை, சத்தியமங்கலம், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றிச் சாறெடுக்கிறார்கள். மெழுகு மாதிரி ஒரு பொருள் கிடைக்கும், அதை ஆல்கஹாலில் கழுவி வடித்தால் கடைசியில் அடர்த்தியான ஒரு திரவம். ஒரு கிலோ திரவத்துக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். 1921-ல் வந்த ஷனேல் நம்பர் 5-க்காக பிரான்சின் கிராஸ் ஊர்ப்பக்கம் வளர்க்கிறார்களே ஒரு மல்லி, அதுவும் நம் பிச்சி ஜாதிதான். மல்லியின் மந்தமான பக்கம் வேண்டாம், காற்றோட்டமான பக்கம் மட்டும் போதும் என்றால் அதற்கும் வழி உண்டு. 1966-ல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா என்பவர் டியோர் கம்பெனிக்காகச் செய்த ஓ சவாஜ் என்ற சென்ட்டில் ஹெடியோன் என்ற செயற்கைப் பொருளைச் சேர்த்தார், எலுமிச்சைக்குப் பின்னால் மல்லி லேசாக வீசும். ஆக, மல்லி இருக்கிறது என்று அட்டையில் போட்டிருப்பதால் மட்டும் ஒன்றும் தெரியாது. எட்டு மணி மல்லியா, மறுநாள் காலை மல்லியா என்பதுதான் கேள்வி. அதைக் கடையில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியாது.

ஒரு சென்ட்டை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொல்கிறேன், அப்போது புரியும். கெர்லான் கம்பெனியின் ஷாலிமார். 1925-ல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது, செய்தவர் ஜாக் கெர்லான். ஷாஜகான் மும்தாஜ் காதலை நினைத்து வைத்த பெயர் என்று விளம்பரம் சொல்லும். காஷ்மீர் ஷாலிமார் தோட்டம் ஜஹாங்கீர் போட்டது, ஷாஜகானின் லாகூர் ஷாலிமார் வேலை தொடங்கியபோது மும்தாஜ் இறந்து பத்து வருஷம். விளம்பரத்துக்கு வருஷக்கணக்கு எதற்கு, விடுங்கள்.

முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு அடி. முதலில் பெர்கமாட், இத்தாலியில் விளைகிற ஒரு எலுமிச்சை வகை, எர்ல் கிரே டீ குடித்தவர்களுக்குத் தெரியும். நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்கும்போதே அடியிலிருந்து தார் மாதிரி, கருகின லெதர் மாதிரி ஒரு நெடி எட்டிப் பார்க்கும். நான் முகரக் கொடுத்தவர்களில் நிறைய பேர் இந்த இடத்தில்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை நீட்டித் தள்ளியிருக்கிறார்கள். "என்னங்க இது, ரோடு போடற வாடை வருது!" இருங்கள். இருபது நிமிடத்தில் எலுமிச்சை போய்விடும், தார் அடங்கி ஒரு பவுடர் வாசனை வரும், பாட்டியின் அலமாரி ஞாபகம் வருகிற பவுடர். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விஷயமே இருக்கிறது. வெனிலா எழும்பும். ஐஸ்கிரீம் வெனிலா இல்லை, புகை ஏறின, சாம்பிராணி போட்ட வீட்டில் வைத்த வெனிலா. வெனிலாவுக்கு மணம் தருகிற சாதாரண வெனிலினை விட இரண்டு மூன்று மடங்கு வீரியமான எத்தில் வெனிலினை இதில் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள், கூடவே ஓபோபனாக்ஸ் என்கிற பிசின். சாயங்காலம் கையை முகர்ந்தால் தோலோடு தோலாக அது மட்டும் கிடக்கும். மறுநாள் துவைக்கப் போட்ட சட்டைக் கையிலும் இருக்கும். தார் நெடியில் ஓடிப்போனவர்களுக்கு இது கிடைக்கவே இல்லை பாருங்கள்.

அப்புறம் காகிதப் பட்டை. அது பொய் சொல்லாது, ஆனால் பாதிதான் சொல்லும். தோலின் மேற்பரப்புச் சூடு சுமார் 32, 33 டிகிரி, ஏசி கடையில் காகிதத்துக்கு அந்தச் சூடு கிடையாது. தோலில் எண்ணெய்ப்பசை உண்டு, அது வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வறண்ட தோல்காரர்களிடம் சீக்கிரம் போய்விடும், அவர்கள் வாசனை இல்லாத கிரீம் ஏதாவது தடவிக்கொண்டு மேலே அடித்தால் கொஞ்சம் கூட நிற்கும். மே மாதச் சென்னையில் முதல் பாகம் படபடவென்று ஓடிவிடும், அதே புட்டி டிசம்பர் ஊட்டியில் நிதானமாக நடக்கும். ஒவ்வொருவர் தோலின் அமிலத்தன்மைக்குத் தக்கபடி வாசனையே வேறாகிவிடும் என்று கடைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, சூடும் எண்ணெய்ப்பசையும் போதும் இந்த வித்தியாசத்துக்கு. கவுண்டரில் காப்பிக்கொட்டைக் கிண்ணம் வைத்திருப்பார்களே, அதையும் ஆராய்ச்சி செய்து பார்த்துவிட்டார்கள், வெறும் காற்றை முகர்வதை விட அது ஒன்றும் பெரிதாக உதவவில்லை. உங்கள் சட்டையை முகர்ந்துகொள்ளுங்கள், செலவில்லை.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு சார் இருக்கிறார். மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு சென்ட் அனுப்பியிருந்தான். தினமும் காலையில் லிஃப்டில் பார்க்கும்போது ஒரே புலம்பல். "அரை மணி நேரம் கூட நிக்க மாட்டேங்குது சார், டூப்ளிகேட் போல." நானோ லிஃப்டின் மூலையில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். நாலு அடி ஆறு ஆயிற்று, ஆறு எட்டு ஆயிற்று. அவர் இறங்கிப் போன பிறகும் லிஃப்டில் அவர் இருந்துகொண்டே இருப்பார், பால் போடுகிற பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியில் ஏற ஆரம்பித்தான். ஒருநாள் சொன்னேன், "சார், சென்ட் போகலை, உங்க மூக்குதான் பழகிப்போச்சு." அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, நேற்றுப் போட்ட சட்டையை ஒரு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, இன்று ஒன்றும் அடிக்காமல் வாக்கிங் போய்விட்டு வந்து கதவைத் திறந்து பாருங்கள் என்றேன். திறந்திருக்கிறார். மறுநாள் லிஃப்டில் அவர் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு நாளா இப்படியேவா வந்துட்டிருந்தேன்? ஏன் சார் யாரும் சொல்லலை?" இப்போது இரண்டு அடிதான். பையன் லிஃப்டில் வருகிறான்.

மூக்கு இப்படித்தான், தொடர்ந்து ஒரே வாசனை வந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இது போதாதென்று, சில மஸ்க் வகைகள் சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது. காலக்ஸோலைடு என்று ஒன்று, துணி சோப்பிலிருந்து சென்ட் வரை எங்கும் இருக்கிறது, அதைப் பக்கத்தில் நிற்பவர் முகர்ந்து "அப்பா" என்பார், உங்களுக்கு வெறும் காகிதம். அதனால் விமர்சனத்தில் "சுத்தமாக நிற்கவில்லை" என்று யாராவது எழுதியிருந்தால், நிற்காதது சென்ட்டா, எழுதியவர் மூக்கா என்று ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவதற்கும் இது பொருந்தும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம் போலிருக்கிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய விமர்சனங்களைப் படித்தால் வருஷத்தைப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே புட்டி, உள்ளே சரக்கு மாறியிருக்கும். 1919-ல் வந்த மிட்சுகோ ஓக் மரத்துப் பாசியை நம்பி நின்ற சென்ட், ஒவ்வாமை வருகிறது என்று அந்தப் பாசிக்குக் கட்டுப்பாடு வந்தது, செய்முறையை மாற்ற வேண்டியதாயிற்று. வாங்கின புட்டியைக் குளியலறை அலமாரியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள், சூடும் வெளிச்சமும் முதலில் டாப் நோட்டைத்தான் கெடுக்கும், பெட்டியோடு பீரோவில் வையுங்கள். கடையில் ஒரு கைக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் வேண்டாம், தேய்க்காதீர்கள், அடித்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஒரு படமும் பார்த்துவிட்டு வந்து அப்புறம் முடிவு செய்யுங்கள். சாம்பிள் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அகில் கட்டையைப் பற்றித்தான் நிறைய குறிப்பு எடுத்து வந்திருந்தேன், ஊத் என்று இப்போது எல்லாப் புட்டியிலும் போடுகிறார்களே, அது. மரத்தில் பூஞ்சை பிடித்தால்தான் அந்தப் பிசினே ஊறும் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான், ஒரு விரல் காட்டிவிட்டார்கள். நன்றி, வணக்கம்.