கையெழுத்து போட்டால் போதுமா? கொரியாவில் நல்ல சாவு

நாம் கல்யாணச் சாவு என்கிறோமே, அதைக் கொரியர்கள் ‘ஹோசாங்’ என்பார்கள். வயது நிறைந்து, பிள்ளைகள் சூழ, அதிகம் அவதிப்படாமல் போவது. வீட்டுக்கு வெளியே உயிர் போனால் ‘கெக்சா’. அதற்கு அந்தக் காலத்தில் நடுங்குவார்கள். இன்று தென்கொரியாவில் பெரும்பாலோர் சாவது மருத்துவமனையில்தான். துக்கம் விசாரிக்கும் கூடமும் பல மருத்துவமனைகளின் வளாகத்திலேயே இருக்கிறது.

1997-இல் சியோலில் ஒரு சம்பவம். மூளை அறுவை சிகிச்சைக்குப் பின் வென்டிலேட்டரில் இருந்தவரை, மனைவி கேட்டாரென்று வீட்டுக்கு அனுப்பினார்கள், அவர் இறந்தார். கொலைக்கு உடந்தை என்று மருத்துவர்களுக்கு 2004-இல் தண்டனை உறுதியானது. அப்புறம் குழாயில் கைவைக்க யாருக்குத் துணிவு வரும்? 2009-இல் ஒரு மூதாட்டியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வென்டிலேட்டரை அகற்றச் சொன்னது. அகற்றினார்கள், அந்த அம்மாள் தானாகவே மூச்சுவிட்டு 201 நாள் இருந்தார்! சாகும் தறுவாயில் உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையை நிறுத்த அனுமதிக்கும் சட்டம் நடைமுறைக்கு வர 2018 பிப்ரவரி ஆயிற்று.

19 வயது நிறைந்த யாரும், அந்தச் சிகிச்சை தனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே விருப்பம் எழுதி வைக்கலாம். அடையாள அட்டையோடு தேசிய சுகாதாரக் காப்பீட்டுக் கிளை போன்ற பதிவு மையத்துக்கு நேரில் போக வேண்டும். அப்பாவுக்காக மகன் கையெழுத்திட முடியாது. ஆலோசகர் விளக்கிய பிறகே கையெழுத்து. எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தல், வென்டிலேட்டர், டயாலிசிஸ், புற்றுநோய் மருந்து இவற்றை நிறுத்தலாம். பின்னர் ரத்தம் ஏற்றுவது, ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்து, எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி) ஆகியவையும் சேர்ந்தன. வலிநிவாரணம், உணவு, தண்ணீர், சாதாரண ஆக்ஸிஜன் இவற்றை நிறுத்தவே கூடாது. பட்டினி போட்டுச் சாகவிடும் சட்டம் இது என்று நினைப்பவர்கள் இந்த வரியைப் படிப்பதில்லை.

சிக்கல் எங்கே? நோயாளி மரணத் தறுவாயில் இருக்கிறார் என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னால்தான் அந்தத் தாளுக்கு உயிர். ஆண்டுக்கணக்கில் நினைவிழந்து கிடப்பவருக்கு அது உதவாது. அடுத்து, இத்தகைய முடிவுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு உள்ள மருத்துவமனையில்தான் இதைச் செயல்படுத்த முடியும். முதியோர் தங்கும் பராமரிப்பு மருத்துவமனைகள் பலவற்றில் அந்தக் குழுவே இல்லை.

தாளே எழுதவில்லை என்றால்? “இதுதான் அவர் விருப்பம்” என்று குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். விருப்பமே தெரியாதென்றால் துணைவர், பெற்றோர், பிள்ளைகள் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். பத்து வருடமாக எட்டிப் பார்க்காத மகன் விமானத்தில் வந்து இறங்கி, “அம்மாவை எப்படியாவது காப்பாற்றுங்கள்” என்றால் வென்டிலேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே அதற்கும் பெற்றோர் பக்தி என்றுதான் பெயர்.