காக்கையையும் எழுதுங்கள்

(கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

வாசலில் செருப்பை விடும்போது சுவரில் இருக்கும் மீட்டர் பெட்டியைக் கவனித்தீர்களா? கதவு சரியாக மூடாமல், இடுக்கில் வைக்கோலும் கொஞ்சம் பஞ்சும் தொங்குகிறது. நான் நின்ற இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் சிட்டுக்குருவி வாயில் புழுவோடு வந்தது. என்னைப் பார்த்துத் தயங்கி கேபிள் ஒயரில் உட்கார்ந்தது. நான் நகர்ந்ததும் உள்ளே போய்விட்டது. பார்த்தவர்கள் கை தூக்குங்கள். இரண்டு பேர். பரவாயில்லை. சென்னையில் குருவியே இல்லை என்று நினைப்பவர்கள் என்று கேட்டிருந்தால் பாதி அரங்கம் கை தூக்கியிருக்கும்.

2020இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. நாடு முழுவதும் பறவை பார்ப்பவர்கள் எழுதிவைத்த பட்டியல்களைத் தொகுத்துச் செய்தது. அதன்படி, நாட்டளவில் பார்த்தால் 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கையில் பெரிய சரிவு இல்லை. ஆனால் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது. செல்போன் கோபுரம்தான் கொன்றது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும், கூடு வைக்க ஒரு பொந்து வேண்டும். ஓட்டு வீடு இருந்தவரை இரண்டும் கிடைத்தன. இப்போது மீட்டர் பெட்டிதான் மிச்சம்.

இந்த விவரம் எப்படிக் கிடைத்தது? நாலு பேர் குருவியையும் ஒரு பொருட்டாக நினைத்து எழுதிவைத்ததால். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களைத் தென்சென்னையில் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அழைத்துப் போவேன். 200 அடிச் சாலை ஓரத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேட்டு நாற்றம், இன்னொரு பக்கம் பூநாரைக் கூட்டம், முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன். திரும்பி வந்ததும் நோட்டை வாங்கிப் பார்ப்பேன். பூநாரை இருக்கும், கூழைக்கடா இருக்கும், நீலத் தாழைக்கோழி இருக்கும். காக்கை இருக்காது. மைனா இருக்காது. கேட்டால், “அது எல்லா இடத்துலயும் இருக்குதே சார்” என்பார்கள். சிட்டுக்குருவியும் ஒரு காலத்தில் எல்லா இடத்திலும்தான் இருந்தது. எத்தனை இருந்தது என்று அன்றைக்கு யாரும் எண்ணவில்லை.

பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்க ஈபேர்டு என்று ஓர் இணையத்தளம் இருக்கிறது. அதில் கேட்பதெல்லாம் இதுதான்: எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள், எவ்வளவு நேரம், பார்த்ததும் கேட்டதும் எல்லாம், ஒவ்வொன்றும் எத்தனை. பதினைந்து நிமிடம் போதும். பார்த்ததை எல்லாம் விடாமல் எழுதினால்தான், எழுதாதது அங்கே கண்ணில் படவில்லை என்று அர்த்தம் கொள்ள முடியும். காணவில்லை என்பதும் ஒரு கணக்குதானே? தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியில் கரும்பு கடித்துக்கொண்டே கூடச் செய்யலாம்.

சரி, எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். நானே கேட்டிருக்கிறேன். அதற்கு என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும், கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு குட்டை இருந்தது. அல்லி படர்ந்திருக்கும். ஒரு வருடம் நீளவால் இலைக்கோழி குஞ்சு பொரித்தது. அந்தப் பறவையின் விரல்கள் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் நீளம். அதனால் இலைமேல் பாரம் பரவி, மூழ்காமல் நடக்கும். முட்டையிட்டதும் பெட்டை வேறு துணை தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் அப்பாதான். தினமும் போய் நின்று பார்ப்பேன். பிறகு ஒருநாள் குட்டையில் கட்டட இடிபாடுகளைக் கொட்ட ஆரம்பித்தார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார், பதிவேட்டைப் புரட்டினார். “தரிசுன்னு இருக்கு சார்.” நான் என் நோட்டை நீட்டினேன். அதில் ‘இன்றும் இலைக்கோழி. என்ன அழகு!’ என்று எழுதியிருந்தது. தேதி இல்லை, இடம் இல்லை, எத்தனை குஞ்சு என்று இல்லை. அவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, “அழகுன்னு எழுதியிருக்கீங்க சார்” என்றார். அதில் கிண்டல்கூட இல்லை. இப்போது அங்கே நான்கு மாடிக் கட்டடம். ஐப்பசி பிறந்தால் கீழ்த்தளத்தில் தண்ணீர் இறைக்க மோட்டார் ஓடும்.

ஒரு நிலத்தின் தலையெழுத்து பெரும்பாலும் பதிவேட்டில்தான் இருக்கிறது. பள்ளிக்கரணையைப் பழைய வருவாய் ஆவணங்கள் கழுவெளி என்றும் புறம்போக்கு என்றும் குறித்தன. யாருக்கும் பயன்படாத தாழ்வான இடம் என்று பொருள் கொண்டார்கள். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெதுவாக வெளியேறும் இடம் அது. ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்லப்படுவது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. குப்பை கொட்டினார்கள், சாலை போட்டார்கள், கட்டடங்கள் கட்டினார்கள். அதற்கு எதிராக அந்தப் பகுதி மக்கள் போராடியபோது, அவர்கள் கையில் இன்னொரு பதிவேடு இருந்தது. பறவை, மீன், தவளை, செடி, நீர்ப்போக்கு என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்த விவரங்கள். கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் இதில் முக்கியமானவர். 2025இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் விருது அவருக்குக் கிடைத்தது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம், ஆனது. கழுவெளி என்று எழுதியிருந்த இடத்தில் இன்னொரு பெயர் ஏறியது. இதோடு ஆபத்து தீர்ந்தது என்று சொல்லவரவில்லை. வாதாட ஒரு பிடி கிடைத்தது, அவ்வளவுதான்.

கிண்டிக்கு வருவோம். 1978இல் தேசியப் பூங்கா ஆன இடம், மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர் சொச்சம். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி என்ற இயற்கை ஆர்வலர் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அங்கே இருக்கும் வெளிமானை நினைத்தால் எனக்கு ஒரு கவலை. நம் ஆட்களுக்கு இயற்கையைக் காப்பது என்றால் மரம் நடுவது. மைக் செட், ரிப்பன், கன்று, போட்டோ. வெளிமானுக்குக் காடு வேண்டாம் ஐயா. பெயரிலேயே இருக்கிறது, அதற்கு வெளி வேண்டும். தூரத்தில் வருவதைப் பார்க்கவேண்டும், பார்த்ததும் நாலுகால் பாய்ச்சலில் ஓட இடம் வேண்டும். புல்வெளியைப் புதரும் நட்ட மரமும் மூடினால் புள்ளிமான் சமாளித்துக்கொள்ளும், வெளிமான் ஒடுங்கிவிடும். எங்கே எத்தனை மேய்கின்றன என்று வருடாவருடம் எண்ணினால்தான் இது தெரியும். எண்ணாமல் பார்த்தால் பச்சைப்பசேல் என்று நன்றாகத்தான் இருக்கும்.

பெயரிலேயே பதிவு வைத்திருப்பதில் மீனவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். முட்டையிடக் கரைக்கு வரும் கடலாமையைப் பங்குனி ஆமை என்கிறார்கள். எந்த மாதம் எதிர்பார்க்கலாம் என்பது பெயரிலேயே வந்துவிட்டது. சென்னையில் 1988 முதல் ஒரு மாணவர் அமைப்பு, ஆமைகள் கரையேறும் மாதங்களில் இரவெல்லாம் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் நடக்கிறது. ஏழு கிலோமீட்டர். டார்ச் அடிக்கக்கூடாது. டிராக்டர் டயர் போனது போல ஒரு தடம் கடலிலிருந்து ஏறி, திரும்பி இறங்கியிருக்கும். தடம் குழம்பியிருக்கும் இடத்தில் குச்சியால் மணலை மெதுவாகக் குத்திப் பார்ப்பார்கள். இளக்கமாகக் குச்சி உள்ளே இறங்கினால் கூடு. கையால் தோண்டினால் குடம் மாதிரி, கழுத்து குறுகி வயிறு அகன்ற குழி. உள்ளே பிங்பாங் பந்து போல நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். எண்ணி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே அளவுக் குழியில் புதைத்து, தேதி, இடம், எண்ணிக்கை எழுதுவார்கள். ஏறக்குறைய 45 நாள் கழித்துக் குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். வெளிச்சம் எங்கேயோ அங்கே ஓடும் சுபாவம். தெருவிளக்கை நோக்கி ஓடினால் செத்தது.

அதே நோட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. செத்து ஒதுங்கிய ஆமைகளின் கணக்கு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சு விட மேலே வந்தாகவேண்டும். இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். ஒவ்வொரு வருடமும் சில சாவதுதான் என்று அந்த முறை தட்டிக்கழிக்க முடியவில்லை. முந்தைய ஆண்டுகளில் எத்தனை என்று எழுதி வைத்திருந்தார்கள். செய்தி பரவி, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை. எழுதுங்கள் என்றேன், எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. ஆந்தைக் கூட்டின் இடத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் மறுநாள் காலை பத்து கேமரா நிற்கும், தாய் வராது. கூட்டுக்கு எட்ட நின்று பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் அங்கே நமக்கு வேலை இல்லை.

உள்ளே வருமுன் கீழே வாட்ச்மேன் அண்ணனிடம் மீட்டர் பெட்டியைக் காட்டினேன். அவர் சிரித்தார். “மூணு வருஷமா இங்கதான் சார். போன தடவை நாலு குஞ்சு, ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. மின்வாரிய ஆள் வந்தா நான்தான் கதவைத் தொறக்கவேணாம்னு சொல்லுவேன்.” மூன்று வருடக் கணக்கு அவர் தலைக்குள் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. ஆறரை மணிக்கு அவருக்கு ஷிப்டு முடிகிறது. அதற்குள் கீழே போய், எந்த மாதம், எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். கேள்வி இருப்பவர்கள் என்னோடு படியிறங்கி வந்துவிடுங்கள், அங்கேயே பேசலாம்.